சுகனி அள்ளவிடாத கற்கள்

சுகனியைக் கல்யாணம் செய்து ஜெய்சல்மேர் கோட்டைக்குள் அனுப்பியபோது அவள் அம்மா சொன்ன புத்திமதி ஒன்றுதான்: புகுந்த வீட்டில் தண்ணீரைச் சிந்தாதே. ராம்கர் பக்கத்து மணல்காட்டில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அங்கே குளித்த தண்ணீர் துணிக்குப் போகும், துணி அலசிய தண்ணீர் தரைக்குப் போகும். கோட்டையிலும் அப்போது அப்படித்தான் இருந்தது. பெண்கள் குடத்தோடு மேடேறி வருவார்கள். குடத்தை இறக்கி வைத்த பிறகுதான் மூச்சே வாங்குவார்கள்.

அவள் புருஷன் சிவ்ரதன் சூரிய வாசல் திருப்பத்தில் கச்சோரி போட்டு விற்றான். ஒல்லி ஆள், வாய் மட்டும் பெரிது. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடி, மேலே ஏறி வருகிற வெள்ளைக்காரர்களை எல்லாம் "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று தன் பாஷையில் கூப்பிடுவான். அவர்களும் ஏதோ மரியாதை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மதியம் சட்டியை இறக்கியதும் வீட்டுக்கு வந்து, பின்சுவரை ஒட்டிப் போட்ட கயிற்றுக் கட்டிலில் விழுந்தால் சாயங்காலத் தேநீர் வரை எழுந்திருக்க மாட்டான்.

அந்தப் பின்சுவர், மேல்மட்டத்தில் இருந்த ஜேட்மல் வீட்டைத் தாங்கிக்கொண்டு நின்றது. குன்றின் சரிவில் ஒரு வீட்டின் முதுகு இன்னொரு வீட்டின் கால் என்று அடுக்கிக் கட்டிய ஊர் அது. இரண்டு குடும்பமும் ஒரே சாதி. கங்கௌர் நோன்புக்கு இரண்டு வீட்டுப் பெண்களும் ஜேட்மல் வீட்டுக் கூடத்தில்தான் கூடி, மருதாணி வைத்துக்கொண்டு கௌரிக்குப் பாட்டுப் பாடுவார்கள். ஜேட்மலின் மனைவி தாபு பாய் சுகனியின் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, தானே கோலம் வரைந்து விடுவாள்.

பிறகு கால்வாய்த் தண்ணீர் வந்தது, வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. ஜேட்மல் வீட்டை விடுதியாக்கினார். அறைக்கு ஒரு குளியலறை கட்டினார். வந்து தங்கியவர்கள் காலையில் ஒரு முறை குளித்தார்கள், சாம் மணல்மேடுகளுக்குப் போய் ஒட்டகம் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வந்து, மணல் போக இன்னொரு முறை குளித்தார்கள். கோட்டையின் பழைய சாக்கடை, ஒரு குடும்பம் ஒரு நாளில் கொட்டுகிற வாளித் தண்ணீருக்காக வெட்டியது. மிச்சமெல்லாம் மண்ணுக்குள் இறங்கியது.

சுவர் ஊறத் தொடங்கியது. பாலைவனத்தின் நடுவில், மஞ்சள் கல்லில் பாசி பிடித்தது. சிவ்ரதன் அதையும் வேடிக்கையாக்கினான்.

"பாரு சுகனி, நமக்கு ஹரித்வார் போற செலவு மிச்சம். கங்கை நம்ம சுவத்துக்கே வந்துட்டா."

"சிரிக்கற நேரமாய்யா இது? மேல போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னான். சுகனி முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். ஜேட்மல் முற்றத்தில் சாய்ந்திருந்தார். சுற்றி நாலைந்து பேர்.

"ஜேட்ஜி, உங்க குழாய் எங்கயோ ஒழுகுது. எங்க சுவரு ஊறிப்போச்சு."

"ஒழுகலடா. கல்லு வேர்க்குது."

"கல்லு எங்கயாவது வேர்க்குமா?"

"உன் எண்ணெய்ப் புகையில எனக்கே வேர்க்குது, கல்லுக்கு வேர்க்காதா?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிவ்ரதனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சீசன் முடியட்டும், பார்க்கிறேன் என்றார் ஜேட்மல். அந்த சீசன் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது.

ஆவணி மாதம் ஒரு மதியம் மழை பெய்து விட்டிருந்தது. சுகனி லட்சுமிநாதர் கோயிலில் விளக்கு வைத்துவிட்டுப் படியிறங்கும்போது, பெரிய மிருகம் ஒன்று மண்டிபோட்டு உட்கார்ந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தாள். வீட்டின் முன்பாதி நின்றது. பின்பாதி இல்லை; முறிந்த பின்சுவரின் மிச்சத்தின்மேல் ஜேட்மல் வீடு மட்டும் அப்படியே நின்றது. தூசி கிளம்பவில்லை. அத்தனை கல் விழுந்தும் கையளவு தூசி கிளம்பவில்லை, எல்லாம் அவ்வளவு ஈரம். பிற்பாடு அவள் அழுகையை மறந்தாள், சிவ்ரதனைக் கல்லுக்கடியிலிருந்து எடுத்துத் தூக்கிக்கொண்டு போனதை மறந்தாள், தூசி கிளம்பாததை மட்டும் மறக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களோடு ஜேட்மலும் வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்தார். "மழை, மருமகளே. மழையை யார் என்ன கேட்க முடியும்?" என்றார். பார்வையிட வந்த அதிகாரியும் மேலே ஏறி ஜேட்மல் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு இறங்கி, மழைதான் என்றே எழுதிக்கொண்டு போனார். பன்னிரண்டாம் நாள், சுகனியின் அண்ணன் அவளை ஊருக்கு அழைத்துப் போக வந்திருந்தார். ஜேட்மல் அவரிடம் தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழப் பேசினார்.

"அந்த எடத்தச் சும்மா போட்டு என்ன செய்யப் போறீங்க? நான் கல்ல அள்ளிட்டு எடுத்துக்கறேன். அங்க ரெண்டு ரூம் போட்டா சூரியன் உதிக்கறது நல்லாத் தெரியும்."

மூலையில் முக்காட்டுக்குள் இருந்த சுகனி எழுந்தாள். விதவை, அதுவும் இந்த நாளில், கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள். ஜேட்மல் முன்னால் நின்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குக் காட்டாத முகத்தை, துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஜேட்ஜி, இந்த மூஞ்சிய நல்லாப் பார்த்துக்குங்க. இனிமே தினம் பார்ப்பீங்க."

அண்ணன் கெஞ்சிப் பார்த்தார், அடிக்கக் கையோங்கிப் பார்த்தார், தனியாக ஊர் திரும்பினார். சுகனி மிச்சமிருந்த முன்பாதியில் தங்கினாள். காலையில் புருஷன் விட்ட இடத்தில் எண்ணெய்ச் சட்டி வைத்தாள். விதவை கையால் சுட்டதை யார் வாங்குவார்கள் என்று பேசிய வாய்களெல்லாம் ஒரு மாதத்துக்குள் வாங்கித் தின்றன. மதியம் வந்து கல்குவியல்மேல் உட்கார்ந்தாள். கல்லை அள்ள ஜேட்மல் ஆள் அனுப்பியபோது, "அள்ளு, என்னையும் சேர்த்து அள்ளு" என்று படுத்துவிட்டாள். அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்படி உட்கார்ந்தால் ஜேட்மலுக்கு என்ன நஷ்டம் என்று அவளுக்கே அப்போது தெரியாது. பாலைவனத் திருவிழா வந்தபோதுதான் தெரிந்தது.

மாசிப் பௌர்ணமிக்கு முந்தைய நாட்கள் அவை. கோட்டையிலிருந்து ஊர்வலம் கிளம்பி, மணிகட்டிய ஒட்டகங்களும் குடம் சுமந்த பெண்களுமாகக் கீழே மைதானத்துக்குப் போகும். அங்கே மீசைப் போட்டி, தலைப்பாகை கட்டும் போட்டி. ஜேட்மல் விழாக்குழுவில் இருந்தார். காவித் தலைப்பாகையோடு முன்வரிசையில் நடந்தார். சந்தெல்லாம் வெளியூர்க் கூட்டம். வழி தெரியாமல் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி கல்குவியலைப் படம் பிடித்துவிட்டு, இது எந்தக் காலத்து மாளிகை என்று சைகையில் கேட்டாள்.

சுகனிக்கு ஆங்கிலம் தெரியாது. கிழவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பாதியில் முறிந்த சுவரைக் காட்டினாள். மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயையும் அதிலிருந்து சொட்டிய தண்ணீரையும் காட்டினாள். அப்போதுகூட யாரோ மேலே குளித்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்குள் நசுங்கிக் கிடந்த கட்டில் சட்டத்தைத் தொட்டாள். தரையில் படுத்து, கண்ணை மூடிக் காட்டினாள். பிறகு எழுந்து ஒரே ஒரு விரலை மேல்வீட்டைப் பார்த்து நீட்டினாள்.

கிழவி அண்ணாந்து மேல்வீட்டைப் பார்த்தாள். அவள் தங்கியிருந்ததே அந்த மேல்வீட்டில்தான். அரை மணியில் பெட்டியோடு படியிறங்கிப் போனாள். ஜேட்மலின் ஆள் பின்னாலேயே ஓடி என்னவோ கெஞ்சினான். சுகனி கல்லின்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். புருஷன் செத்த பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் வழிகாட்டி பன்னே சிங்கைப் பிடித்தாள். கோட்டையைச் சுற்றிக் காட்டிப் பிழைப்பவன். எந்தக் கல்லைக் கேட்டாலும் அதன்மேல் ஒரு ராணி குதித்துச் செத்ததாகக் கதை விடுகிறவன். ஒரு முறை ஜேட்மல் அவனை நடுச்சதுக்கத்தில் கன்னத்தில் அறைந்திருந்தார், கூட்டத்தை வேறு விடுதிக்குக் கொண்டுபோனதற்காக.

"அரண்மனை, சமணக் கோயில், பீரங்கி மேடு, எல்லாம் காட்டறியே. என் வீட்டையும் காட்டு."

"அண்ணி, உங்க வீட்ல பார்க்க என்ன இருக்கு?"

"உன் கன்னத்துல வாங்குனியே, அதுக்குப் பதில் இருக்கு."

பன்னே சிங் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "ஒரு ராணிய மட்டும் சேர்த்துக்கட்டுமா?"

"ராணியும் வேண்டாம் ராஜாவும் வேண்டாம். நடந்ததச் சொல்லு. அது போதும் அவனுக்கு."

அன்றிலிருந்து பீரங்கி மேட்டுக்கும் பட்வா மாளிகைக்கும் நடுவில் சுகனி வீடு ஒரு நிறுத்தமாயிற்று. ஒரு வழிகாட்டி செய்ததை மற்றவர்களும் செய்தார்கள். மற்றவர்கள் நின்று பார்த்த இடத்தில் நிறுத்தாத வழிகாட்டியிடம், ஏமாற்றிவிட்டாயா என்று அவன் கூட்டத்தார் கேட்டார்கள். சுகனி ஒவ்வொரு பாஷைக்காரரிடமும் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டாள். ஆங்கிலத்தில், பிரெஞ்சில், குஜராத்தியில், வங்காளத்தில். மதுரையிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா, பஸ்காரன் ஹாரன் அடித்துக் கத்துவதைச் சட்டை செய்யாமல், நின்று சொல்லிக் கொடுத்தார். "மேல் வீட்டுக்காரன் குளிச்ச தண்ணி என் புருஷனக் கொன்னுடுச்சு." தமிழ்க் கூட்டம் வந்தால் இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் சொல்வாள். கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு வராது.

ஜேட்மல் போலீஸில் எழுதிக் கொடுத்தார். வந்த காவலர் கதையைக் கேட்டார், ஒரு கச்சோரி தின்றார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ஹோலியன்று மேலிருந்து ஜேட்மலின் மகன் கோவர்தன் ஒரு அண்டா சாயத் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தான். கீழே ஒரு பஸ் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. சுகனி துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நெற்றியிலிருந்து சிவப்பாக ஒழுக, தன் வாக்கியத்தைச் சொன்னாள். அந்தப் படம் எந்தெந்த ஊர்ப் பத்திரிகைகளிலோ வந்ததாகப் பன்னே சிங் சொன்னான். அந்த விடுதியில் தங்காதீர்கள் என்று ஏதோ ஒரு பயணப் புத்தகத்திலும் வந்தது.

அறைகள் காலியாகத் தொடங்கின. பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று ஜேட்மல் ஆள் அனுப்பினார். ஆளைத் திருப்பி அனுப்பினாள். பிறகு அவரே வந்தார்.

"உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை."

"ஒரு மழைக்காலம் இந்தச் சுவத்தடியில கட்டில் போட்டுப் படுங்க. மதியமும் இங்கதான், ராத்திரியும் இங்கதான். பொழச்சு எழுந்தீங்கன்னா பேசலாம்."

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு."

"அவரு படுத்தாரே. அவருக்கா பைத்தியம்?"

கோட்டைக்காரர்கள் முதலில் அவள் பக்கம் இருந்தார்கள். மற்ற விடுதிகளிலும் ஆட்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் மாறினார்கள். கோயில் வாசலில் வைத்து, "எங்க அடுப்புல எல்லாம் மண்ணள்ளிப் போடறியே" என்று திட்டினார்கள். "உங்க குளியலறைய மூடுங்க. நான் எதுக்கு உங்க பேச்சுக்கு வரேன்?" என்றாள் சுகனி. சிலர் மூடவும் செய்தார்கள். பலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். கல்யாணம், சீமந்தம் எதற்கும் அவளுக்கு அழைப்பு இல்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் போகிறவளாக இல்லை.

ஒரே ஒரு நாள்தான் தடுமாறினாள். கங்கௌர் சமயத்தில் தாபு பாய் படியிறங்கி வந்து, குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உடம்பு வற்றிப் போயிருந்தது.

"என் கையால மருதாணி வச்சுக்கிட்டவ நீ. எனக்காகவாவது விடக்கூடாதா?"

சுகனி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேலே யாரோ குழாயைத் திறந்தார்கள். சுவருக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

"கேக்குதா அக்கா? இத்தன வருஷத்துல ஒரு குழாய மாத்தல உங்க வீட்டுக்காரரு. நான் எத விடணும்?"

தாபு பாய் படியேறிப் போனாள். அடுத்த குளிர்காலத்தில் செத்துப் போனாள். ஒப்பாரி கேட்டபோது சுகனி எழுந்து நின்றாள், முக்காட்டைச் சரிசெய்தாள், வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்காக ஊர் அவளை இன்றுவரை ஏசுகிறது.

கோவர்தன் கோட்டைக்குக் கீழே, சாம் போகும் சாலையில் கூடாரங்கள் போட்டுப் புதிய தொழில் தொடங்கினான். அப்பாவைக் கூப்பிட்டான். அவர் போகவில்லை. பெரிய வீட்டில் ஜேட்மல் தனியாக இருந்தார். அறைகளில் புறா அடைந்தது. குழாய்களை அடைத்தாயிற்று. குளிக்க அவர் ஒருவர்தான், அவரும் வயசாளி, வாளித் தண்ணீர் மிச்சமாயிற்று.

ஒரு ஆடி மாதம், வானம் கருத்திருந்த ஒரு காலையில், ஜேட்மல் ஒரு கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு சந்தில் வந்தார். கூலிக்கு ஆள் வைக்காமல் தானே இழுத்தார். சுவரடியில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"படுக்கச் சொன்னியே. படுக்கறேன்."

"யாரு தடுத்தா? படுங்க."

அவர் செய்தது எதற்காக என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். மனைவி கனவில் வந்து சொன்னாள் என்று ஒரு பேச்சு. வீட்டை விற்க வேண்டுமானால் சுகனியின் வாயை அடைக்க வேண்டும் என்று மகன் நச்சரித்தான் என்று ஒரு பேச்சு. சுகனி அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவள் மழையை வேண்டினாள். லட்சுமிநாதருக்கு விளக்கு வைத்து, பெய்யட்டும், நின்று பெய்யட்டும் என்று வெளிப்படையாகவே வேண்டினாள். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த வருஷம் மழை பெய்தது. காடிசர் ஏரி படித்துறைகளைத் தாண்டி நிரம்பியது. ஊரில் இரண்டு மூன்று வீடுகள் சரிந்தன. ஜேட்மல் சுவரடியில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். ஒவ்வொரு இடிக்கும் உதடு முணுமுணுத்தது. சுகனி எதிரே உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல் அசைந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அசையவில்லை. முறிந்து, சாய்ந்து, எப்போது விழுமோ என்று நின்ற சுவர், அத்தனை மழையிலும் நின்றது.

மழைக்காலம் முடிந்த காலையில் ஜேட்மல் எழுந்து உட்கார்ந்து கட்டிலைத் தட்டினார். முகத்தில் தெம்பு வந்திருந்தது.

"படுத்தேன். பொழச்சேன். முடிஞ்சுதா உன் கணக்கு?"

சுகனி சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பன்னே சிங்கும் இருந்தான்.

"தொட்டுப் பாருங்க ஜேட்ஜி."

"எதுக்கு?"

"தொடுங்க. காஞ்சு கெடக்கு. இத்தன மழை பெஞ்சும் விழல. ஏன்னா மேல யாரும் குளிக்கல. அன்னிக்கு மழை கொன்னுச்சுன்னீங்களே, இன்னிக்கு மழைக்கு என்ன ஆச்சு? கை இல்லாமப் போச்சா?"

அவர் தொடவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார், முடியவில்லை. கூடியிருந்தவர்களில் ஒருவரும் கை கொடுக்கவில்லை.

"எழுந்தா பேசலாம்னு சொன்னேன். பேசறேன்" என்றாள் சுகனி. "மாசியில திருவிழா வருது. ஊர்வலம் கிளம்பறப்ப இங்க நின்னு உங்க வாயால சொல்லுங்க. உள்ளூர்க்காரனுக்கும் கேக்கணும், வெளியூர்க்காரனுக்கும் கேக்கணும்."

மாசியில் அவர் வந்தார். தலைப்பாகை கட்டாமல் வந்தார். மணி ஒலிக்க ஒட்டகங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன, சந்து நிறையக் கூட்டம். கல்குவியல் முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சுவரு ஊறுதுன்னு சிவ்ரதன் வந்து சொன்னான். நான் சிரிச்சேன். என் தண்ணிதான். மழை இல்ல." பன்னே சிங் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, பழக்க தோஷத்தில் நீட்டிக்கொண்டே போனான்.

"பன்னே! அவரு சொன்னது அவ்வளவா? அளந்து சொல்லு."

சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், "அம்மா, மனுசன் வந்து சொல்லிட்டாரு. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார்.

"சொல்லணும்னேன், சொன்னாரு. கேட்டுக்கிட்டேன். மன்னிக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

ஜேட்மல் அதற்குப் பிறகு கோட்டையில் இருக்கவில்லை. மகனோடு கூடாரத்துக்குப் போனார். அங்கே இரண்டு வருஷம் போல இருந்து செத்தார். செய்தி சொன்ன பன்னே சிங்கிடம், "எத்தன வயசு?" என்று மட்டும் கேட்டாள். எண்பதைத் தாண்டியவர் என்றான். "எங்க வீட்டுக்காரருக்கு முப்பதுகூட ஆகல" என்று சொல்லிவிட்டு எண்ணெயில் மாவை இறக்கினாள்.

மேல்வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. கோவர்தன் விற்கப் பார்க்கிறான். வாங்க வருகிறவர்கள் சந்தில் நுழையும்போதே சுகனி எழுந்து போய் அவர்கள் பாஷையில் சொல்லிவிடுகிறாள். போன குளிர்காலத்தில் ஜோத்பூரிலிருந்து வந்த ஒருவர் பாதிப் படியிலேயே திரும்பினார். கோவர்தன் கல்குவியல் முன்னால் நின்று கத்தினான்.

"எங்கப்பாதான் செத்துட்டாரே! இன்னும் யார்மேல உனக்குக் கோபம்?"

"ஹோலிக்கு என் தலையில அண்டாவக் கவுத்தது உங்கப்பாவாடா?" என்றாள் சுகனி.

ஒரு ராஜ்கோட் கூட்டம் சந்தில் திரும்பியது. சுகனி முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு, குஜராத்தியில் தொடங்கினாள்.